கஷாயமும் தாகமும்

எனக்குப் பால் சுரக்கவில்லை என்பது டெலானிபூர் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும். மாடிப்படியில் யாரைப் பார்த்தாலும் என் மாமியார் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளையோ பிறந்தபோது இருந்த எடைகூட இல்லாமல் வாடிப்போயிருந்தது.

என் பிரசவத்துக்காக மதுரைப் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவர் அவர். பெட்டி நிறைய மருந்து. தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி, வெந்தயம், கருப்பட்டி, பூண்டு. அம்மான் பச்சரிசிக் கீரையை மட்டும் இங்கேயே சாலையோரத்தில் பறித்து அரைப்பார். பால்சுறா வாங்கிப் புட்டு செய்வார். அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நானும் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் விழுங்கினேன்.

தண்ணீர் மட்டும் கிடையாது. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பது அவர்கள் வீட்டுப் பத்தியம். காலையில் கொஞ்சம் கஷாயம், சோற்றோடு இரண்டு மிடறு வெந்நீர், அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு நனைகிற ஊர் இது. கிழங்குக்காவது பேரில் தண்ணீர் இருந்தது. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிடும்.

"அத்தே, ஒரு சொம்பு தண்ணி குடுங்க. நாக்கு வறளுது."

"பொறுத்துக்கத்தா. நாங்கள்லாம் இப்படித்தான் பெத்தோம். ஒன் ஒடம்பு வாகு அப்படி, மருந்தக் குத்தம் சொல்லி என்ன செய்ய?"

கணவரிடம் சொன்னேன். "அம்மா நல்லதுக்குத்தானே சொல்லுது" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். யாருடைய நல்லதுக்கு என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

தடுப்பூசி போடப் போனபோது நர்ஸ் பிள்ளையை எடை போட்டார். பிறகு என் வெடித்த உதட்டைப் பார்த்து, "பானி பீத்தி ஹை கி நஹீ?" என்று அதட்டினார். தண்ணீர் குடிக்கச் சொல்கிறார் என்று வீட்டில் சொன்னேன். மாமியார் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அன்றிலிருந்து குளிக்கப் போகும்போதெல்லாம் குழாயில் வாய் வைத்துக் குடித்தேன். சொந்த வீட்டில் திருட்டுத் தண்ணீர்! அந்த வாரமே ரவிக்கை நனைந்தது. பிள்ளை குடித்துவிட்டு அப்படியே தூங்கிப்போனது.

"கெழங்கு வேல செஞ்சிருச்சு பாத்தியா?" என்றார் மாமியார்.

"தண்ணிதான் வேல செஞ்சுது" என்றேன். வாயாடி என்று பேர் வந்தது.

அடுத்த வருஷம் இதே தீவில் பெரார்கஞ்சில் இருக்கும் நாத்தனாருக்குப் பிரசவம். மாமியார் மறுபடியும் கப்பலேறி வந்தார். பார்க்கப் போனேன். அதே கிழங்கு, அதே பூண்டு வாசனை. கட்டிலருகே பெரிய சொம்பு நிறைய சீரகத் தண்ணீர். மகளின் தலையைத் தாங்கிப் பிடித்து அவரே குடிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

"பத்தியம் இல்லையா அத்தே?"

மகளின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டார்.

"இந்த ஊரு வெக்கையில புள்ள தாகம் தாங்குவாளாத்தா? பாவமில்ல?"

"பாவந்தான்" என்றேன்.