கல்வெட்டில் இல்லாத சோறு

நான் பொய் சொன்னேன். பாகூர் ஏரியை ஒட்டிய எங்கள் ஊரில், நாற்பது பேர் இலை முன் அமர்ந்திருக்க, கூசாமல் சொன்னேன். நான் பரிமாறிய அந்தச் சோறு எந்தக் கல்வெட்டிலும் இல்லை!

என் கைப்பக்குவத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். மிளகாயும் தக்காளியும் இந்த மண்ணுக்கு வருமுன் நம்மவர்கள் என்ன உண்டார்கள் என்று தேடித் தேடிச் சமைப்பது என் பொழுதுபோக்கு. மாதக் கடைசி ஞாயிறன்று சமுதாயக் கூடத்தில் பரிமாறுவேன். கரியமாணிக்கத்திலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் பைக்கில் வருவார்கள். மிளகும் இஞ்சியும் போதும் எனக்கு... கூட்டத்தையே பேச்சில்லாமல் சாப்பிட வைப்பேன்!

ஆனால் கோயில் கல்வெட்டுகள் அரிசி, நெய், பருப்பு என்று அளவைத்தான் சொல்லும். செய்முறை சொல்லாது. ஐந்தாறு மாதங்களில் என் சரக்கு தீர்ந்தது.

அப்போதுதான் செல்வியின் தூக்குவாளியைப் பார்த்தேன். எங்கள் நிலத்துக்கு நடவுக்கு வருபவள். நொய்யரிசியும் கொள்ளும் குழைந்து, புளியங்கொழுந்தின் புளிப்பேறி, மிளகு மணத்தது. ஒரு கை வாங்கித் தின்றேன். எப்படிச் செய்வது என்று கேட்டேன். வரப்பில் நின்றபடியே ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

அந்த மாதம் அதைத்தான், அரண்மனைச் சோறாகத் தெரிய நெய்யும் தேங்காயும் சேர்த்துச் சமைத்தேன். 'கல்வெட்டில் கண்ட சோழர் காலத்துக் கொள்ளுச்சோறு' என்று அறிவித்தேன்!

ஏன் செய்தேன்? கூலிக்காரி வீட்டுச் சோறு என்றால் அந்தக் கூடத்தில் எத்தனை பேர் கை நனைத்திருப்பார்கள்... இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யாரையாவது கேட்டுப் பார்த்தாயா என்கிறீர்களா? இல்லை! எனக்குக் கைதட்டல் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

செல்வியையும் நானே அழைத்திருந்தேன். முதல் கவளத்திலேயே நிமிர்ந்தாள்.

"இன்னா டீச்சர், இது எங்க வூட்டு சோறாச்சே!"

கூடம் சிரித்தது. உண்மையைச் சொல்ல அந்த ஒரு கணம் போதும். நானோ பாடம் நடத்தும் குரலில் சொன்னேன்: "அரண்மனையில சமைச்சது இது, செல்வி. அப்படியே உங்க வூடு வரைக்கும் வந்திருக்கு."

அவள் முகம் மலர்ந்தது. ஐயோ, அந்த மலர்ச்சி!

அறுப்பு முடிந்த மறுநாள், மூடிய கிண்ணத்தோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"நீங்க நெய் ஊத்தி, தேங்கா போட்டீங்களே டீச்சர், அதே மாரி செஞ்சேன். ராஜா வூட்டு சோறுன்னு தெரியாம இத்தினி நாளா வெறுமனே ஆக்கிட்டிருந்தோம். எங்கம்மா செஞ்சது தப்புதானே?"

வாயில் வைத்தேன். புளியங்கொழுந்தின் ருசி நெய்யில் அமுங்கிப் போயிருந்தது. அவள் தாயின் சோற்றை அவள் கையாலேயே கெடுக்க வைத்திருக்கிறேன்...

"சரியா வந்திருக்கா டீச்சர்?"

தலையாட்டினேன். ஆம், தலையாட்டினேன்! வெற்றுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாகப் போனாள்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. எதைச் சமைத்தாலும் தைரியமாக இலையில் வைக்கும் எனக்கு, நாலு வார்த்தை சொல்லத் தைரியமில்லை.

நாளை கடைசி ஞாயிறு. அதையே மறுபடியும் கேட்டிருக்கிறார்கள்... கொள்ளு ஊறப் போட்டுவிட்டேன்.