பன்னிரண்டாம் வரிசைக்காரரின் ஷூ

அன்றைய டியூட்டியில் அதுதான் கடைசி விமானம். பணிப்பெண்களில் மூத்தவள் என்பதால் எல்லாருக்கும் அவள் அக்கா. அக்காவுக்குக் கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. காலையிலிருந்து சிரித்துச் சிரித்துத் தாடை வேறு வலி. இறங்கினால் வீடு. சாயங்கால ரயிலில் மகள் முதன்முறையாக விடுதிக்குப் போகிறாள். ஸ்டேஷனில் நின்று கையசைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

விமானம் மேலே ஏறும்போதே அழுக்கு சாக்ஸ் நாற்றம் குப்பென்று அடித்தது. எஞ்சின் எண்ணெய் கசிந்து உள்ளே வரும் காற்றில் கலந்தாலும் இதே நாற்றம்தான். முன்பு ஒருமுறை அப்படிச் சொல்லப்போய், மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று கையை விரித்தார்கள். அன்றிலிருந்து ஆபீசில் அவளுக்கு 'மோப்பம்' என்று பேர். மறுபடியும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை.

பன்னிரண்டாம் வரிசையில் ஒரு பெரியவர் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அப்பாடா, ஆள் கிடைத்தது!

"சார், கொஞ்சம் ஷூவைப் போட்டுக்கறீங்களா? மத்தவங்களுக்குக் கஷ்டமா இருக்கு."

பக்கத்து சீட்டுக்காரன் உடனே மூக்கைப் பொத்தினான். பெரியவர் முகம் சுண்டிப்போய், குனிந்து லேஸைக் கட்டினார். அவர் மேல் தப்பில்லை என்று பாதி தெரிந்தேதான் சொன்னாள், பாவி.

கொஞ்ச நேரத்தில் விமானத்தின் வால் பக்கத்திலிருந்து, பணிப்பெண்களில் சின்னவள் இன்டர்காமில் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க ஒரே சாக்ஸ் நாத்தம். எனக்குத் தலை கிர்ருனு சுத்துது."

பன்னிரண்டாம் வரிசை எங்கே, வால் எங்கே! எந்த மனுஷன் காலும் அவ்வளவு தூரம் நாறாது. அவளுக்கோ இப்போது ஒரு நாற்றமும் தெரியவில்லை, மூக்கு பழகிவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று பேசாமல் இருந்தால் ரயிலைப் பிடித்துவிடலாம். மகள் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

"அவளும் ஒருத்தி பெத்த பொண்ணுதானே" என்று முணுமுணுத்துக்கொண்டே பைலட்டைக் கூப்பிட்டுச் சொன்னாள். பைலட்டுகள் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, புறப்பட்ட ஊருக்கே விமானத்தைத் திருப்பினார்கள்.

பயணிகள் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். பன்னிரண்டாம் வரிசைக்காரர் வந்ததும் அக்கா கையைக் கூப்பினாள்.

"மன்னிச்சுக்கங்க சார். உங்க மேல தப்பில்ல."

"பரவால்லம்மா. வீட்லயும் எது நாறினாலும் என்னைத்தான் சொல்வாங்க."

எஞ்சினை அணைத்து, கதவெல்லாம் திறந்து காற்றாடிய பிறகு மெக்கானிக் வந்தான். மோந்தான். "ஒண்ணும் இல்லக்கா. உங்க மூக்கு ஓவர்டைம் பாக்குது" என்று சிரித்தான். அவனோடு மல்லுக்கட்ட அவளிடம் தெம்பு மிச்சமில்லை. சின்னவளை டாக்டரிடம் அனுப்பிவிட்டு, மகளுக்குப் போன் செய்தாள்.

"ரயில் கிளம்பிடுச்சும்மா" என்றாள் மகள்.

மறுநாள் காலை வேறொரு விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தாள். கணவர் காருடன் காத்திருந்தார். ஏறியதும் யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டாள். கண்ணை மூடினாள். இத்தனை கூத்தும் வீணா என்றுதான் ராத்திரி முழுக்க யோசனை.

கார் கொஞ்ச தூரம் போனது. கணவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னலை இறக்கினார்.

"என்ன இது, யாரோட அழுக்கு சாக்ஸைக் கொண்டுவந்திருக்கே?"

அக்கா கண்ணைத் திறந்து, பின்சீட்டில் கிடந்த கோட்டைப் பார்த்தாள். மகளிடம் பேசும்போது வராத அழுகை இப்போது பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.