ரெஜினா சிஸ்டர் என்னை அழைத்த நேரம்

ரெஜினா சிஸ்டர் இறந்துபோன செய்தி ஒரு புதன்கிழமை காலை, நான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. மார்த்தாண்டத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த மருத்துவமனையில் ஆயாவாக இருந்த தங்கம் போனில் கூப்பிட்டாள். "டாக்டர், நம்ம ரெஜினா சிஸ்டர் போயாச்சு. நாளைக்கு நாலு மணிக்கு அடக்கம், ஊர்லதான்" என்றாள். இரண்டு வருடமாக அவர் புற்றுநோய்க்குத் திருவனந்தபுரம் போய்வந்துகொண்டிருந்தார் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எதிரே ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சுகப்பிரசவம் ஆகுமா என்று சற்று முன்தான் கேட்டிருந்தாள். என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

சிஸ்டரின் சனிக்கிழமை வகுப்புக்கு வந்து பிள்ளை பெற்ற பெண்கள் சிலர் சேர்ந்து இந்த நினைவு மலரைக் கொண்டுவருகிறார்கள். கூடவே வேலை பார்த்த டாக்டர் என்பதால் என்னையும் எழுதக் கேட்டார்கள். இரண்டு முறை மறுத்தேன். மூன்றாம் முறை ஒப்புக்கொண்டது, அவரைப் பற்றி உங்களில் பலர் இன்றும் நம்புகிற ஒரு பொய்யைத் திருத்த எனக்கு வேறு இடம் கிடைக்காது என்பதால்தான்.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு அவர் மஸ்கட்டிலிருந்து திரும்பிவந்தார். கன்னியாகுமரி பக்கத்துக் கடற்கரைக் கிராமம் அவருடையது. வீடு போய்விட்டது, அம்மா மட்டும் பிழைத்திருந்தார். அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் அங்கிருந்த நர்ஸ் வேலையை விட்டுவிட்டு எங்கள் மருத்துவமனையில் பிரசவ அறைப் பொறுப்பில் சேர்ந்தார். சேர்ந்த முதல் வாரமே எனக்கும் அவருக்கும் உரசல். முதல் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண் மேஜைமேல் கிடந்து அலறிக்கொண்டிருந்தாள். பேசாமல் படு என்று நான் அதட்டினேன். சிஸ்டர் அவளைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினார். நான் முறைத்தேன். "டாக்டர், இவ கத்துகது வலியில இல்ல, பேடியில, பயந்துட்டா. ஒரு பத்து நிமிஷம் எனக்குத் தாங்க" என்றார். அந்தப் பெண் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். வலி வரும்போது இருவரும் சேர்ந்து மெல்ல அசைந்தார்கள். அலறல் முனகலாகி, முனகல் நீண்ட மூச்சாயிற்று. ஒரு மணி நேரத்தில் பிள்ளை பிறந்தது. இடுப்பெலும்பு அமைப்பு நல்லதாக இருந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனேன்.

வகுப்பு தொடங்கியது அதற்குப் பிறகுதான். மாடியில் காலியாகக் கிடந்த வார்டில், சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, தரையில் பாய் விரித்து நடக்கும். குத்தவைத்து உட்காருவது, இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பது, இடுப்பைச் சுழற்றி நடப்பது எல்லாம் சொல்லிக்கொடுப்பார். மூச்சு விடுவதற்கு அவரிடம் நீண்ட விளக்கம் எதுவும் கிடையாது. "சூடு கஞ்சிய ஊதி ஆத்துக மாதிரி ஊது மக்கா, அவசரப்படாத" என்பார். கணவன்மாரையும் வரச்சொல்வார். மனைவியின் இடுப்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தக் கற்றுக்கொண்ட ஓர் ஆட்டோ டிரைவர், அத்தனை பெண்கள் நடுவே கூசிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டே அழுத்தியது நினைவிருக்கிறது. மாமியார்கள் வந்தால் ஒரே நிபந்தனைதான். தங்கள் பிரசவக் கதையை மருமகள் முன்னால் சொல்லக் கூடாது.

எட்டாம் மாதத்தில் எல்லோரையும் பிரசவ அறைக்குக் கூட்டிப்போவார். மேஜையில் ஏறிப் படுத்துப்பார்க்கச் சொல்வார். பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கவைப்பார். தட்டிலிருக்கும் கத்தரியைக்கூடக் கையில் கொடுப்பார். "பாத்த எடத்துக்கு யாரும் அவ்வளவு பேடிக்க மாட்டாவ" என்பது அவர் எண்ணம். பிறகு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். அங்கே அவர் சொல்கிற வார்த்தைகளை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "நாம உடம்பையும் மனசையும் பழக்குகோம், அவ்வளவுதான். பிள்ளைக்கு ஒண்ணுன்னா இந்தக் கதவு வழியா கொண்டு போவோம். அதுவும் பிள்ளை வாற வழிதான். அன்னைக்கு அழப்பிடாது." இந்த வார்த்தைகளை நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டும். பிற்பாடு அவர்மீது சொல்லப்பட்ட பழிக்கு இவை நேர் எதிரானவை.

ஜெயந்தி கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டுகிறவள். காலையில் வெட்டு முடித்து, எஸ்டேட் பஸ்ஸில் இறங்கி, இரண்டு பஸ் மாறி வகுப்புக்கு வருவாள். மலையேறி இறங்கிய உடம்பு. குத்தவைத்து உட்காரச் சொன்னால் மற்றவர்கள் தள்ளாடுவார்கள், அவள் அசையாமல் இருப்பாள். அவளை முன்னால் உட்காரவைத்துத்தான் சிஸ்டர் மற்றவர்களுக்குக் காட்டுவார். முதல் பிள்ளை அவளுக்கு.

அவளுக்கு வலி எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று நான்தான் பொறுப்பு டாக்டர். காலையில் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகப் போகிறது, மாலைக்குள் ஆகிவிடும் என்று சொல்லிவிட்டு நாகர்கோவிலில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. பன்னிரண்டரைக்கு சிஸ்டர் போன் செய்தார். வலி வந்து போகும் ஒவ்வொரு முறையும் பிள்ளையின் துடிப்பு இறங்குகிறது, மறுபடி ஏற நேரமாகிறது என்றார். இடதுபக்கம் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுங்கள், இதோ கிளம்பிவிட்டேன் என்றேன். அப்போதுதான் பந்தியில் இலை போட்டார்கள். நான் உட்கார்ந்தேன்.

ஒரு மணிக்கு மறுபடி கூப்பிட்டார். "டாக்டர், எனக்குச் சரியாப் படல்ல. வேற டாக்டரக் கூப்பிடட்டா?"

"வேண்டாம் சிஸ்டர், நான் வந்துகிட்டேதான் இருக்கேன்" என்றேன். இலையில் பாயசம் விட்டுக்கொண்டிருந்தார்கள். வேறொரு டாக்டர் வந்து என் நோயாளியைத் தொடுவதை நான் விரும்பவில்லை. அது ஒன்றுதான் காரணம். இத்தனை வருடம் யோசித்தும் வேறு காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை.

மார்த்தாண்டம் சந்திப்பில் வழக்கமான நெரிசல். நான் மருத்துவமனைக்குள் நுழைந்தபோது மணி இரண்டேகால். தியேட்டர் தயாராக இருந்தது. மயக்க மருந்து டாக்டரை சிஸ்டரே வரவழைத்து உட்காரவைத்திருந்தார். நான் மட்டும்தான் இல்லாமலிருந்தேன். பத்து நிமிடத்தில் பிள்ளையை எடுத்தோம். பெண் குழந்தை. அழவில்லை. வெகுநேரம் போராடித்தான் மூச்சு வந்தது. அந்தக் குழந்தை பிழைத்தது. ஆனால் கழுத்து நிற்கவில்லை, கைகால்கள் விறைத்தே இருந்தன. என்ன நடந்திருக்கிறது என்று சில மாதங்களில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

எஸ்டேட்டிலிருந்து ஆட்கள் வந்து கேட்டார்கள். நிர்வாகம் விசாரணை வைத்தது. நிர்வாகிகள் மூன்று பேர், சிஸ்டர், நான். சுகப்பிரசவம் சுகப்பிரசவம் என்று வகுப்பெடுத்து, ஆபரேஷனுக்குப் போகாமல் காத்திருக்கவைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று ஒருவர் சொன்னார். சிஸ்டர் மறுத்தார். பன்னிரண்டரைக்கே டாக்டருக்குச் சொன்னேன் என்றார். என்னிடம் கேட்டார்கள். ஒன்றரை மணி வாக்கில்தான் போன் வந்தது, வந்ததும் கிளம்பினேன் என்றேன். அந்த வார்த்தைகள் எனக்கே ஆச்சரியமாக, மிகச் சரளமாக வந்தன. சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேஜையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பை அந்த வாரமே நிறுத்தினார்கள். மாத முடிவில் சிஸ்டர் தானாகவே விலகிக்கொண்டார். போகிற அன்று என் அறைக்கு வந்தார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். நின்றபடியே சொன்னார்: "டாக்டர், எனக்கு இந்த வேலை இல்லன்னா இன்னொண்ணு. ஆனா அந்த வகுப்பக் குத்தம் சொன்னாவ பாருங்க, அப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." நான் எழுந்து நின்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தங்கம் வந்து அடுத்த நோயாளி காத்திருப்பதாகச் சொன்னாள். வரச்சொல் என்றேன்.

வகுப்புக்குப் போனால் பிள்ளைக்கு ஆபத்து என்ற பேச்சு மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் பரவியது. அதை மறுக்கக்கூடிய ஒரே ஆள் நான். மறுக்கவில்லை.

அதற்கு நான்காண்டு கழித்து என் தங்கை கர்ப்பமானாள். ரொம்பப் பயந்த சுபாவம் அவளுக்கு. சிஸ்டர் தன் ஊர் மாதா கோயிலை ஒட்டிய அறையில் மறுபடி வகுப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டு, என் தங்கை என்று சொல்லாமல் போய்வா என்று அவளை அனுப்பினேன். மூன்று மாதம் போனாள். பிரசவ அறைக்குள் அவள் நடந்துபோனதைப் பார்த்தவர்கள் அவளா இது என்றார்கள். நல்லபடியாகப் பெற்றாள். பிறகு ஒருநாள் தங்கை சொன்னாள், முதல் நாளே சிஸ்டர் அவளிடம், "ஒனக்க அக்காவுக்க அதே முகம்தான் ஒனக்கு. அவங்க நல்லாயிருக்காங்களா?" என்று கேட்டாராம். வேறெதுவும் கேட்கவில்லையாம். அப்போதாவது நான் ஒருமுறை நேரில் போயிருக்கலாம். ஒன்றரை மணி நேரப் பயணம்தான்.

அடக்கத்துக்குப் போனேன். கடற்கரைக் கோயிலில் நிற்க இடமில்லை. பிள்ளைகளை இடுப்பில் வைத்தும் கையில் பிடித்தும் பெண்கள், பெண்கள், பெண்கள். அவர்களுக்கு நடுவே ஜெயந்தி நின்றாள். மகளை அவள் கணவன் தோளில் போட்டிருந்தான். எட்டு வயதுப் பிள்ளை, கால்கள் நீளமாகத் தொங்கின. ஜெயந்தி என்னைக் கண்டதும் கும்பிட்டாள். சிஸ்டர் மாதத்தில் ஒருமுறை கீரிப்பாறைக்கு வந்து குழந்தையின் கைகால்களை நீட்டி மடக்கிப் பழக்கிவிடுவார், தனக்கும் சொல்லிக்கொடுத்தார், அதனால்தான் இப்போது பிள்ளை சாய்ந்தாவது உட்காருகிறாள் என்றாள். பிறகு இப்படிச் சொன்னாள்: "நீங்க வந்து எடுத்ததுனாலதான் உயிரோட கிடைச்சாள்னு சிஸ்டர் எப்பவும் சொல்லும்." அங்கே அந்தக் கூட்டத்தில் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பத்து நாள் கழித்துக் கீரிப்பாறை போனேன். எஸ்டேட் வீட்டின் முன்னறையில் குழந்தையைப் பாயில் கிடத்திக் கால்களை நீட்டிவிட்டுக்கொண்டிருந்தாள் ஜெயந்தி. நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டரை, ஒரு மணி, பந்தி, வேறு டாக்டரை வேண்டாம் என்றது, விசாரணையில் சொன்ன பொய். அவள் கைகள் வேலையை நிறுத்தவில்லை. முழுவதையும் கேட்டாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா வகுப்பு நின்னிருக்காதுல்லா" என்றாள் கடைசியில். "எனக்க தங்கச்சி வகுப்புக்குப் போவாமலே பேடிச்சுப் பேடிச்சுக் கெடந்தா." குழந்தையின் பாதத்தைப் பிடித்து மெல்ல வளைத்தாள். "அன்னைக்கு சிஸ்டர் எனக்க கையப் பிடிச்சிட்டே வாசலப் பாத்துட்டு இருந்துச்சு. எனக்க அம்மை வாறாளான்னு பாக்குதுன்னுதான் நான் நெனச்சேன்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் எழுந்து வந்தேன்.

சிஸ்டரை அறிந்தவர்கள் அவரிடமிருந்து மூச்சையும் துணிச்சலையும் பெற்றதாக இந்த மலரில் எழுதியிருப்பீர்கள். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியிருப்பது அந்த ஒன்றேமுக்கால் மணி நேரம். ஒரு கையால் ஜெயந்தியைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் பயம் தொற்றிவிடாதபடி முகத்தை வைத்துக்கொண்டு, நான் வருவேன் என்று நம்பி அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.