பார்சல் கவுண்டரில் வளர்ந்த பிள்ளை

ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிற ஒரு மனிதன், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பூதக்கண்ணாடி ஒன்றையும் மாட்டிக்கொண்டு, கட்டைவிரல் உயரச் சிப்பாய்க்கு மூச்சைப் பிடித்தபடி கண்மை எழுதுவதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். பார்க்க ஆசையென்றால் வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு வரலாம். வராமல் விட்டால் எனக்கு நிம்மதி.

என் பொழுதுபோக்கு இதுதான். பழங்காலப் படைகள்: ரோமர், பாரசீகர், யானைகளோடு வரும் கார்தேஜ்காரர். நிறமில்லாத உலோகப் பொம்மைகளாக வெளிநாட்டிலிருந்து வரும். அரத்தால் பிசிறு தேய்த்து, ஈட்டியை ஒட்டி, அடிப்பூச்சு அடித்து, சட்டை, கேடயம், செருப்பு வார் என்று ஒவ்வொன்றாக நிறம் தீட்டவேண்டும். பிறகு நுகேகொடையில் இருக்கும் நண்பர் ஒருவரின் சாப்பாட்டு மேசையில் அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை பிடிக்கவேண்டும். ஒரு படைப்பிரிவை நிறம் தீட்டி முடிக்க எனக்கு மாதக்கணக்காகும். அது புறமுதுகு காட்டி ஓட ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் போதும். என் யானைகள் எதிரியை விட்டுவிட்டு என் ஆட்களையே தேடிப்பிடித்து மிதிக்கும். "மச்சான், உன்ட படை பார்க்க நல்ல வடிவு," என்பார் நண்பர். அதற்கு மேல் சொல்ல அவரிடம் எதுவும் இருந்ததில்லை.

இதை வெளியில் சொல்ல எனக்கு வெட்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கே போறீங்கள் என்று வேலை செய்யும் கந்தோரில் கேட்டால், "ஒரு மீட்டிங்" என்பேன். ஒருமுறை பல்கனியில் அடிப்பூச்சு ஸ்ப்ரே அடிக்கும்போது கடல்காற்று திசை மாறி, கீழ்வீட்டார் காயப்போட்டிருந்த வேட்டி சாம்பல் நிறமாகிவிட்டது. காகம் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படி ஒரு காகத்தை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

முதல் பார்சல் வந்தபோதும் இந்த வெட்கம்தான் வினையானது. தபால் கந்தோரில் பார்சலை நம் கண்முன்னாலேயே பிரித்துப் பார்ப்பார்கள். கவுண்டரில் இருந்தவர் என் வயதுக்காரர், சிங்களவர், சட்டைக் கையை ஒழுங்காக மடித்து விட்டிருந்தார். பெட்டியை வெட்டி, இரண்டு யானைகளையும் ஒரு பிடி சிப்பாய்களையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"மொனவத மே?" என்ன இதெல்லாம்?

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தமாதிரி இருந்தது. என் சிங்களம் அவசரத்துக்கு உதவாது. வாயில் வந்தது ஒரேயொரு சொல்.

"புத்தாட்ட."

மகனுக்கு.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அவர் முகம் அப்படியே கனிந்துவிட்டது. வயது என்ன என்றார். ஐந்து என்றேன். ஏன் ஐந்து என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஈட்டி கூர், வாயில் வைப்பான், கவனம் என்று சொல்லி, யானைகளைத் தானே திரும்பக் கடதாசியில் சுற்றித் தந்தார்.

ஒரு பொய்யோடு முடிந்திருக்கவேண்டியது. ஆனால் அடுத்த பார்சலுக்குப் போனால் அதே கவுண்டர், அதே மனிதர். "புத்தா எப்படி?" அவருக்கு ஞாபகசக்தி அதிகம். ஆகவே எனக்கும் ஞாபகசக்தி தேவைப்பட்டது. மகனைப் பள்ளிக்கூடம் சேர்த்தேன். சளிக்காய்ச்சல் ஒன்றிலிருந்து காப்பாற்றினேன். நாட்டில் டொலர் இல்லாத காலத்தில் பார்சல் வருவது நின்றுபோனது; பிள்ளை வளர்வது நிற்குமா? திரும்பப் போனபோது ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் சோதனை என்னாச்சு என்று கேட்டார். பாஸ் என்றேன். பொய்யில்கூடப் பெயிலாக்க மனம் வரவில்லை. அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வெளியே வந்து, பஸ் தரிப்பிடத்தில் நின்று, கொஞ்சம் பெருமையாகவே உணர்ந்தேன். அவ்வளவு கேடுகெட்டவன் நான்.

மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழும் வேறு, சிங்களமோ என்னுடையதைப்போல நொண்டாது. கலியாணமாகி முதல் பத்து வருஷம் கிளினிக், விரதம், நேர்த்தி என்று அலைந்தோம். பிறகு ஒருநாள் அவளே "போதுங்க" என்றாள். நான் சரி என்றேன். அதோடு அந்தக் கதை வீட்டில் எழுந்ததில்லை. விசேஷ வீடுகளில் யாராவது "இன்னும் ஒண்டும் இல்லையோ?" என்று தொடங்கினால், பாதிச் சாப்பாட்டில் எழும்பிக் கை கழுவப் போய்விடுவாள். நான் தலையைக் குனிந்துகொண்டு அப்பளத்தை நொறுக்குவேன். பொம்மைகளுக்கு நிறம் தீட்டத் தொடங்கியது அந்தப் "போதுங்க"வுக்குப் பிறகுதான். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் ஒருநாள் புறக்கோட்டையில் சாரிக்கு லேஸ் வாங்கவேண்டும் என்று அவளும் என்னோடு கிளம்பினாள். பார்சல் எடுத்துவிட்டுப் போவோம் என்றாள்.

"நீர் வெளியில நில்லும். உள்ளுக்குச் சரியான சனம்."

"வெளியில வெயில் கொளுத்துது. உள்ள ஃபேன் இருக்குல்ல?"

ஃபேன் இருந்தது. அதற்கு நேர்கீழே அவரும் இருந்தார். எங்களைக் கண்டதும் முகமெல்லாம் பல். "ஆ, நோனாவும் வந்திருக்கிறா!" என்று என் மனைவியைப் பார்த்துச் சிங்களத்தில் தொடங்கி, நான் இடையில் விழுமுன்னரே கேட்டுவிட்டார்: "புத்தா இப்ப பெரிய ஆளாகியிருப்பாரே?"

மனைவி என்னைப் பார்த்தாள். பிரித்த பெட்டிக்குள் கிடந்த குதிரைவீரர்களைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்து என்னை அங்கேயே நாறடிப்பாள், அல்லது அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பாட தோளுக்கு வந்துட்டான்," என்றாள் சிங்களத்தில், நிதானமாக.

அவர் சிரித்தார். சாப்பாடெல்லாம் எப்படி என்றார்.

"மரக்கறி தொடமாட்டான். கத்தரிக்காய மீனுக்கு அடியில ஒளிச்சு வெச்சுக் குடுப்பேன். கண்டுபிடிச்சிருவான்."

"என்ட மகளும் அப்படித்தான்!"

"கணக்கு நல்லா வரும். எழுத்துத்தான் கோழி கிண்டின மாதிரி. இடி இடிச்சா மட்டும் இன்னமும் என்கிட்டதான் ஓடி வருவான். அது வெளியில யாருக்கும் தெரியக்கூடாது, அவனுக்கு ரோசம்."

இரண்டு பெற்றோர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மூன்றாம் மனிதனாக நின்றேன். வருஷக்கணக்காக நான் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருந்தது ஒரு வயது, ஒரு காய்ச்சல், ஒரு சோதனை முடிவு. இவள் கொடுத்தவை யோசித்துச் சொன்னவையாக இல்லை. எங்கேயோ முன்பே இருந்தவற்றை எடுத்து எடுத்து வைப்பதுபோல இருந்தது. என் பிள்ளை கத்தரிக்காய் தின்னமாட்டான் என்பதை அன்றைக்குத்தான் நான் அறிந்தேன்.

வெளியே வந்ததும், "இல்லை, அது வந்து..." என்று தொடங்கினேன்.

"வாய மூடிட்டு வாங்க."

லேஸ் வாங்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தும் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். வீட்டுக்கு வந்து, கைப்பையைக் கழற்றாமலே என் நிறம் தீட்டும் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். அரைகுறை நிறத்தோடு ஒரு வரிசை சிப்பாய்கள் போத்தல் மூடிகளில் ஒட்டப்பட்டு நின்றார்கள்.

"எவ்வளவு காலமா?"

சொன்னேன்.

"ஸ்கொலர்ஷிப் எழுதினானா?"

"ஓம். பாஸ்."

அவள் வாய் ஒருபக்கம் கோணியது. சிரிப்பா, மற்றதா தெரியவில்லை. தெரிந்துகொள்ள நிமிர்ந்து பார்க்கும் முகம் எனக்கும் இல்லை.

"இங்க பாருங்க. இது உங்க வெளையாட்டுச் சாமான். வெக்கமா இருந்தா வெக்கப்பட்டுக்கிட்டு வாங்குங்க. ஒங்க வெக்கத்துக்கு அவன இழுக்காதீங்க."

"அவன்" என்றாள். சமையலறைக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க நான் தூரிகையைத் தொடவில்லை. பழக்கத்தில் எடுத்து மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்திருந்ததால் எல்லாம் பெரிதாகத்தான் தெரிந்தது, என்னைத் தவிர.

அடுத்த பார்சல் வந்தபோது நான் தனியாகப் போனேன். வரிசையில் நல்ல சனம். அவர் பெட்டியைத் திறந்து, "புத்தாட்ட?" என்றார் வழக்கம்போல.

"நே சேர். மட்ட."

இல்லை, எனக்கு. என் சிங்களம்தான் வழுக்கிவிட்டது என்று நினைத்து மகனுக்குத்தானே என்று திருத்தினார். நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். நானே நிறம் தீட்டுவேன், நானே விளையாடுவேன் என்றேன். பகடை உருட்டுவதைக் கையால் நடித்தும் காட்டினேன். அதைச் செய்யாமல் விட்டிருக்கலாம். என் நரைத்த தலையைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு பின்பக்கம் திரும்பி, இந்த மாத்தயா விளையாடுறதுக்காம் என்று இரண்டு பேரைக் கூப்பிட்டார். வந்தார்கள். யானையைத் தூக்கி வயிற்றுப் பக்கம் பார்த்தார்கள். ஒருவர் தும்பிக்கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா தன் மகளிடம் ஏதோ குசுகுசுத்தாள். காது இரண்டும் கொதித்தன. ஓடவில்லை. என் படையிலிருந்து ஓடாமல் நின்ற முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

"அப்ப புத்தா?" என்றார் அவர், பெட்டிக்கு டேப் ஒட்டியபடி.

"அதை நோனாவிட்டத்தான் கேக்கவேணும் சேர்."

எல்லா வீட்டிலும் அம்மாமாருக்குத்தான் எல்லாம் தெரியும் என்று அவர் ஆமோதித்தார். அடுத்தமுறை நோனாவையும் கூட்டிக்கொண்டு வரச்சொன்னார்.

வீட்டில் அவள் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். தும்பிக்கை ஆட்டியதையும் மறைக்கவில்லை. அதற்குச் சிரித்தாள். அவர் அவளை வரச்சொன்னதைச் சொன்னதும் கத்தி நின்றது. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அடுத்த பார்சல் எப்ப வருது?"

"மாதக் கடைசியில," என்றேன். அப்போது நான் எதையும் ஓடர் பண்ணியிருக்கவில்லை.