முனிக்கு விட்ட அரை ஏக்கர்

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் கண்டாக்காக, அதாவது மலைவேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தனாகச் சேர்ந்த வருஷமே, மலையுச்சிக் காட்டை வெட்டித் தேயிலை வைக்க உத்தரவு வந்தது. போதாததற்குக் கொழும்பிலிருந்து ஒரு பூச்சி ஆராய்ச்சிக்காரரும் வந்து சேர்ந்தார். சிங்களவர், ஹட்டனில் வளர்ந்ததால் எங்கள் தமிழே பேசுவார். ஐயா என்பதற்குச் சிங்களத்தில் சொல்கிறபடி மாத்தயா என்போம். தோட்டத்தை நடத்தும் துரை அவரை என் தலையில் கட்டினார். அட்டைக்கடியோடு ஏறி இறங்கி என் முழங்கால் அன்றைக்கே போயிற்று.

அவர் தேடியது மீசை நீண்டு, இறக்கை குட்டையான ஒரு பச்சை வெட்டுக்கிளி. எதிர்மலையிலும் பார்வைக்கு அதைப் போலவே ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே மாத்தயா?"

"ஒரு காலத்துல ஒண்ணுதான் தம்பி. அப்ப குளிர் ஜாஸ்தி. இந்த ஈரக்காடு கீழ பள்ளம் வரைக்கும் இருந்திச்சு. பெறகு சூடாகி, காடு உச்சிக்கு ஒதுங்கிருச்சு. பூச்சியும் கூடவே ஏறிருச்சு. பள்ளத்துச் சூட்டத் தாண்ட முடியாது, பறக்கவும் முடியாது. எத்தனையோ ஆயிரம் வருஷம் தனியா கெடந்து, சத்தங்கூட வேறயாப் போச்சு."

"காட்ட வெட்டிட்டா?"

"இது இங்க மட்டுந்தான் இருக்கு. அதோட முடிஞ்சுது."

துரையிடம் சொல்லிப் பார்த்தார். "பூச்சிக்கு எதுக்கு நிலம்?" என்று துரை சிரித்தார்.

வெட்டு ஆட்களின் கங்காணி மாரிமுத்துதான் வழி சொன்னார். முனி இருக்கிற இடத்து மரத்தில் ஆட்கள் கத்தி வைக்கமாட்டார்கள். துரைமாரும் அதில் தலையிடுவதில்லை. "முனிய அங்க வச்சிருவோங்க ஐயா. நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் வெட்டுக்கிளி கத்திய இடத்தில் மஞ்சள் பூசிய கல்லும் சூலமும் இருந்தன. ஆட்கள் கத்தியைக் கீழே போட்டார்கள். துரை முறைத்துப் பார்த்துவிட்டு அரை ஏக்கரை விடச் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இரண்டு மழைக்காலம் கழித்து மாத்தயா திரும்பி வந்தார். மரங்கள் அப்படியே நின்றன. ஆனால் சுற்றிலும் வெட்டவெளி. காற்று நாலு பக்கமும் புகுந்து, கிளைகளில் தொங்கிய பாசி காய்ந்து உதிர்ந்திருந்தது. பொழுது சாயும்வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு சத்தமும் இல்லை. கங்காணி கற்பூரம் ஏற்றினார்.

"முனி காப்பாத்தலீங்களா மாத்தயா?"

"மரத்தக் காப்பாத்திருச்சு கங்காணி. ஈரத்த யாரு காப்பாத்துறது?"

அன்றைக்கு வந்த அலுப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. தோட்ட வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, கொஞ்சம் காட்டை விட்டிருக்கிறோமே என்று யாராவது சொன்னால், அது போதுமா என்று கேளுங்கள். அரை ஏக்கர் கிடைத்ததென்று நாங்கள் துள்ளினோம். அந்தப் பூச்சிக்கு மலையே வேண்டியிருந்தது.