விக்டோரியா டீச்சரின் வயிற்றெரிச்சல்

ஜெனிதான் போலந்துக்குப் போகிறாள் என்று ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை அறிவித்தபோது முதலில் கைதட்டியவர் விக்டோரியா டீச்சர். பலமாகவே தட்டினார். பிறகு தட்டிலிருந்து ஒரு வெங்காய பஜ்ஜியை எடுத்தவர், மணியடிக்கும்வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் இருபது வருஷத்துக்கும் மேலாக ஆங்கிலம் நடத்துகிறவர் அவர். அவர் இலக்கணம் எடுத்தால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அமைதியாகிவிடும். ஜெனி பக்கத்து ஊர்ப் பரவைக்காரி. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, சின்ன வகுப்புகளுக்கு எடுப்பவள். போலந்தில் ஓர் ஏரிக்கரையில் கோடை விடுமுறையில் நடக்கும் முகாமுக்கு, பிள்ளைகளை ஆங்கிலம் பேசவைக்க ஒரு தொண்டு அமைப்பு ஆள் தேடியது. சம்பளம் கிடையாது. போய்வரும் செலவும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. அந்தப் பள்ளியிலிருந்து வருஷத்துக்கு ஒருவர், அதுவும் ஒருமுறை போனவர் மறுபடி போக முடியாது.

வீடியோ காலில் தேர்வு நடந்தது. "ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத பிள்ளையிடம் முதல் நாள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். பெயர்ச்சொல்லில் தொடங்கி வினைச்சொல்லுக்கு எப்படி வருவது என்று விக்டோரியா டீச்சர் பிசிறில்லாமல் விளக்கினார். ஜெனி எழுந்து நின்று, பசிக்கிறது, தூக்கம் வருகிறது, எறும்பு கடித்துவிட்டது என்று நடித்துக் காட்டினாள். திரையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதே டீச்சருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

நாகமலை புதுக்கோட்டை வீட்டில் கணவர் இன்பசேகரனிடம் பொருமித் தீர்த்தார்.

"'டிட் வென்ட்'னு பேசுறவ அவ. அவ போயி இங்கிலீஷ் சொல்லித் தரப்போறாளாம்."

"விடு விக்டோரியா. அடுத்த வருசம் நீ போயிட்டு வா."

"போனா? ஜெனிக்கு அடுத்து போனவன்னுதான சொல்லுவாங்க?"

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெனி நேரே அவர் வீட்டுக்கு வந்துவிட்டாள். "அக்கா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அங்க என்னென்ன நடத்தலாம்னு நீங்க சொல்லுங்கக்கா" என்றாள்.

"உனக்குச் சொல்லித் தர்ற அளவுக்கு எனக்கு என்ன தெரியும்? நீயே பாத்துக்க" என்றார் டீச்சர். காபி மட்டும் கொடுத்து அனுப்பினார்.

ஜெனி போலந்து போன மறுநாளிலிருந்தே ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் வீடியோக்கள் வந்தன. ஜெனி அங்கே சிமெண்டுத் தரையில் பாண்டிக் கட்டம் போட்டிருந்தாள். கட்டத்துக்கு ஒரு வார்த்தை. நொண்டிக்கொண்டே பிள்ளைகள் ஒவ்வொரு வார்த்தையாகக் கத்தினார்கள். எல்லாரும் இதயமாக அள்ளிக் கொட்ட, டீச்சர் மட்டும் ஒவ்வொரு வீடியோவையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசியில் கிடைத்தது. 'டுமாரோ' என்ற வார்த்தையை ஜெனி தப்பாக எழுதியிருந்தாள். "எழுத்துப்பிழை. ஒரு எம், இரண்டு ஆர்" என்று குழுவில் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஜெனியிடமிருந்து ஒரு படம் வந்தது. திருத்திய வார்த்தையைச் சுற்றிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கீழே, "தேங்க்ஸ் அக்கா. நீங்க இங்க இருக்கணும்."

அது கேலியா, உண்மையா என்று டீச்சரால் முடிவுசெய்ய முடியவில்லை. உண்மை என்று தோன்றியபோதுதான் இன்னும் எரிந்தது.

அடுத்த வருஷம் அவரையே அனுப்பினார்கள். பரிந்துரைத்தவள் ஜெனி என்று கேள்விப்பட்டதும் பாதி சந்தோஷம் போய்விட்டது. மீதி, முகாம் வாசலில் போனது. வண்டியிலிருந்து அவர் இறங்கியதும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் அவரைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஜெனி? வேர் ஜெனி?"

பாண்டிக் கட்டத்துக்கு இப்போது பெயின்டே அடித்து வைத்திருந்தார்கள். டீச்சர் அந்தப் பக்கமே போகாமல் பலகையில் எழுதி நடத்தினார். பிள்ளைகள் மரியாதையாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் கண்கள் ஜன்னலுக்கு வெளியே இருந்தன. ஒருநாள் ஹான்யா என்ற சிறுமி, வார்த்தைகளைத் தேடித் தேடிக் கோத்து, ஜெனிக்கு எங்களை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"அவளுக்கு எவ்வளவோ பிள்ளைகள். மறந்திருப்பாள்" என்றார் டீச்சர், தெளிவான ஆங்கிலத்தில்.

ஹான்யாவுக்கு அது முழுதாகப் புரிந்துவிட்டது. அவர் அங்கே சொன்னதில் ஒரு பிள்ளைக்கு முழுதாகப் புரிந்த முதல் வாக்கியம் அதுதான். அவள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

டீச்சருக்கு உடம்பு கூசியது. போனை எடுத்து ஜெனிக்கு வீடியோ கால் போட்டார். மதுரையில் அது மதியச் சாப்பாட்டு நேரம். சோற்றுக் கையோடு ஜெனி எடுத்தாள்.

"அக்கா! நல்லாருக்கீங்களா?"

"இந்தா, இவங்ககிட்ட பேசு" என்று போனைத் திருப்பினார்.

அறையே இரைந்தது. ஜெனி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஹான்யாவிடம் அவள் நாய்க்குட்டியைப் பற்றி விசாரித்தாள். எல்லாருக்கும் தெரியட்டும் என்று போனை உயர்த்திப் பிடித்தபடி டீச்சர் நின்றார். கை வலித்தது. தன்னை ஒருவரும் பார்க்கவில்லை என்பதும் தெரிந்தது.

பிள்ளைகள் கலைந்த பிறகு ஜெனி சொன்னாள்: "பின்னால அந்த ஏரி தெரியுதுக்கா. பாக்கப் பாக்க வயித்தெரிச்சலா இருக்கு. நான் நின்ன எடத்துல நீங்க நிக்கிறீங்க."

தலைவலிக்கிறது என்று சொல்வதைப்போல அவள் அதைச் சொன்னது டீச்சருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"எனக்கு ஒரு வருசமா எரியுதுடி" என்றார்.

"தெரியும்க்கா. ஒரு எம், ரெண்டு ஆர்." இருவரும் சிரித்துவிட்டார்கள். "ஆனா ஒண்ணுக்கா, அம்புட்டு நாள் இருந்தும் நான் அந்தத் தண்ணில எறங்கவே இல்ல. பயம்."

மறுநாள் டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏரியில் இடுப்பளவு இறங்கினார். பிள்ளைகள் கூச்சலிட்டபடி பின்னாலேயே குதித்தார்கள். குளிர், ஆழம், வழுக்கல், பிடித்துக்கொள் என்று தண்ணீருக்குத் தேவையான ஆங்கிலம் எல்லாம் பயத்திலும் சிரிப்பிலும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஹான்யா அவர் கையை விடவே இல்லை. முகாம் முடியும்வரை வகுப்பு பெரும்பாலும் அங்கேதான் நடந்தது.

ஏரியில் இறங்கிய முதல் நாள் எடுத்த படத்தை டீச்சர் குழுவில் போடவில்லை, ஜெனிக்கு மட்டும் அனுப்பினார். அவள் பார்த்துவிட்டாள் என்று வாட்ஸப் காட்டியது. பதில் வரவில்லை. ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே போனை எட்டி எட்டிப் பார்த்த டீச்சருக்கு, பல மாதமாக இல்லாத அளவுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.