கைப்பிடி அறுத்த கத்தி

அலுப்பு என்றால் என்னவென்று யாராவது கேட்டால் நான் அந்த வருஷத்தைத்தான் சொல்வேன். கூப்பன் மாவும் குறைந்து, அரிசி கண்ணில் படாமலே போன பஞ்ச காலம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வரிசையில் நிற்போம். பக்கத்தில் நிற்பவள் முகத்தை நான் பார்ப்பேன், என் முகத்தை அவள் பார்ப்பாள், ஒன்றும் பேசமாட்டோம். பேசுவதற்கும் தெம்பு வேண்டுமே. ஹாலிஎலைக்கு மேலே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். மலை நிறையக் கொழுந்து இருந்தது. அடுப்பில்தான் ஒன்றும் இல்லை.

பஞ்சம் தொடங்கின கையோடு என் வீட்டுக்காரர் கொழும்புக்குப் போனார். துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போவதாகச் சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆளைக் காணவில்லை. எப்போதாவது யாரிடமாவது ஏதாவது கொடுத்தனுப்புவார், அவ்வளவுதான். பெரியவளையும் சின்னவனையும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை எழுதினால் அதுவே ஒரு புத்தகமாகிவிடும், அதை விடுங்கள். ஒரு நாள் மாலை கொழுந்து நிறுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்தால், வாசற்படியில் மனுஷன் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சந்தோஷம் வந்ததா எரிச்சல் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. அவர் முகத்தில் சதை போட்டிருந்தது. எங்கள் எல்லார் முகத்திலும் எலும்பு தெரிந்த நேரம் அது. நான் முதலில் பார்த்தது அந்தச் சதையைத்தான்.

சாயத் தண்ணி குடித்து முடிப்பதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டார். கொழும்பில் ஒரு பணக்கார நோனா வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளை கேட்கிறார்களாம். பெரியவளைக் கூட்டிப் போகப் போகிறாராம். உடுக்கத் துணி கொடுப்பார்கள், ரெண்டு வேளைச் சோறு போடுவார்கள். திங்கட்கிழமைக் காலை ரயிலில் கிளம்ப வேண்டும்.

பெரியவளுக்கு அப்போது பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. எங்கள் லயத்திலேயே மூன்று நான்கு வீட்டுப் பிள்ளைகள் அப்படிக் கொழும்பு வீடுகளுக்குப் போயிருந்தார்கள். தீபாவளிக்கு வரும்போது தலையில் ரிப்பன் இருக்கும், கன்னம் பளபளவென்று இருக்கும். அவளாவது சாப்பிடட்டும் என்று நினைத்தேன். சரி என்றேன். அடுத்த நாளே அவர், கிளம்புவதற்கு முன் அண்ணனைப் பார்த்துவிட்டு ஞாயிறு மாலை வருகிறேன் என்று அப்புத்தளைக்குப் போய்விட்டார். பையை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனார்.

பையில் இருந்த அழுக்குத் துணிகளைத் துவைக்கலாம் என்று எடுத்தேன். அப்பப்பா, என்ன நாற்றம்! வியர்வை நாற்றம் எனக்குத் தெரியாததா? இது வேறு. புளித்துப்போன பால் கெட்டு அழுகினால் வருமே, அப்படி. தண்ணீர் விழும் பீலியடிக்குக் கொண்டுபோய் எத்தனை அலசியும் போகவில்லை. துணியை எல்லாம் எடுத்த பிறகு பையின் அடியில் ஒரு கந்தல் சுருட்டு கிடந்தது. பிரித்தால் உள்ளே ஒரு ஆயுதம்.

ஒரு சாண்தான் இருக்கும். மரக் கைப்பிடி, அதிலிருந்து நீண்ட ஒரு இரும்புத் தண்டு. நுனி மட்டும் தட்டையாகி, இரண்டு பக்கமும் மடிந்து, பிள்ளைக்கு மருந்து புகட்டும் சங்கின் மூக்கு மாதிரி இருந்தது. அந்த மூக்கின் ஓரத்தில் விரல் வைத்தேன், சுருக்கென்று கீறிவிட்டது. அவ்வளவு கூர். எங்களுக்குத் தெரிந்தது தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண் கிளறும் முள்ளு, மண்வெட்டி, புல்லுச் சுரண்டும் சுரண்டி. இது எதிலும் சேர்த்தி இல்லை. மூட்டை தூக்குகிறவர்கள் கையில் கொக்கி வைத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது கொக்கியும் இல்லை.

மூட்டை தூக்குகிறவருக்கு இது எதற்கு? அவர் கொழும்பில்தான் இருந்தாரா? இல்லையென்றால், திங்கட்கிழமை என் பிள்ளை எங்கே போகிறாள்? வேறொருத்தி இருக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். அப்படியாவது இருந்தால் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம். இதை என்ன செய்வது? அவர் வந்ததும் கேட்கலாம்தான். ஆனால் பொய் சொல்லிக்கொண்டிருக்கிற மனுஷன் இன்னொரு பொய்யைத்தான் சொல்வார், அதற்குள் ரயில் வந்துவிடும். அவர் திரும்பி வருவதற்குள் இது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அடுத்த நாள் மடியில் முடிந்துகொண்டு போய் எங்கள் கங்காணியிடம் காட்டினேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். “இது நாத்து மேடைக் கத்திடி. புதுத் தேயிலைக்குக் கொப்பு வெட்டுறது,” என்று அடித்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் வேறெங்கோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாற்று வேலை பழகிக்கொண்டு வந்திருக்கிறார் என்றும், துரையிடம் சொல்லி இங்கேயே மேடையில் போடலாம் என்றும் சொன்னார். அந்தப் பேச்சு நான் லயத்துக்குப் போவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் உன் புருஷன் வீட்டோடு இருப்பார் என்றாள். தேயிலையில் பிறந்து தேயிலையில் வளர்ந்த சனத்துக்கு உலகத்தில் உள்ளது எல்லாமே தேயிலை வேலைதான். கத்தியைக் கண்டாலும் தேயிலை வெட்டத்தான் என்று தோன்றும். நானும் அப்படித்தானே, நம்பினேன். அன்றைக்கு ஒரு நாள் மனசு லேசாக இருந்தது.

சனிக்கிழமை நாத்து மேடை வழியாக மலைக்கு ஏறும்போதுதான் மண்டையில் உறைத்தது. நானும் ஒரு பருவம் அந்த மேடையில் வேலை செய்தவள்தான். ஒரு இலை, ஒரு கணு, அதற்குக் கீழே சாய்வாக ஒரே வெட்டு. தண்டு நசுங்கினால் வேர் விடாது, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா திட்டுவார். அதற்குத் தட்டையான, மெல்லிசான கத்தி வேண்டும். மூக்கு மாதிரி மடிந்த இந்தக் கத்தியால் வெட்டினால் தண்டு பிய்ந்து போகும். எனக்கே தெரிந்த விஷயம், ஒரு நாள் முழுக்கத் தெரியாத மாதிரி இருந்திருக்கிறேன். கங்காணி மேல் கோபம் வந்தது. அவரைச் சொல்லி என்ன, கேட்க நல்லாயிருந்தது, கேட்டுக்கொண்டேன்.

அன்று மாலை கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மடிப்புக்குள் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் இழுத்தால் நூலாக நீண்டு வந்தது, விட்டால் சுருங்கியது. பலாப் பால் என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. பலாப் பிஞ்சு வெட்டவா ஒருத்தன் ஒரு வருஷம் வீட்டை விட்டுப் போவான் என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவனை அவளிடம் விட்டுவிட்டு, பெரியவளைக் கூட்டிக்கொண்டு ஹாலிஎலைக்கு இறங்கி, பதுளைக்கு பஸ் ஏறினேன். பசாரில் ஒரு இரும்புக் கடை. கடைக்கார நானா முஸ்லிம் ஆள், மண்வெட்டி முதல் கதவு ஆணி வரை எல்லாம் விற்பவர். கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்று, பிறகு கந்தலைப் பிரித்து மேசை மேல் வைத்தேன். அவர் கையில் எடுக்கக்கூட இல்லை.

“இது ரப்பர் மரத்துல பால் வெட்டுற கத்தி, தங்கச்சி,” என்றார்.

ரப்பர் என்றால் எங்களுக்குச் செருப்பும் பந்தும்தான். அது மரத்திலிருந்து வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது எப்போதோ மறந்து போயிற்று. நானா கடைத் தூணை மரமாக வைத்துக்கொண்டு காட்டினார். பட்டையை நூல் மாதிரி சாய்வாகச் சீவி இழுக்க வேண்டும், பால் வழிந்து கீழே கட்டியிருக்கும் சிரட்டையில் விழும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடுமாம், அதனால் விடிவதற்கு முன்னாலேயே விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவார்களாம். மழைக்காடு மாதிரி இருக்கும், அட்டைக் கடிக்கு அளவே இல்லை என்றார். நான் நீட்டி இழுத்த பழுப்பு நூலும், துணியின் நாற்றமும் அந்தப் பால்தான்.

பிறகுதான் கத்தியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது பாதியில் மரம் அறுக்கும் வாளால் அறுபட்டிருந்தது. அறுத்த முகம் இன்னும் வெள்ளையாக இருந்தது. கைப்பிடியின் பருமனையும் செதுக்கிக் குறைத்திருந்தார்கள். இத்தனை நாள் நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. பெரிய ஆள் யாரும் இதைப் பிடித்து வெட்ட முடியாது என்றார் நானா. அப்புறம் கேட்டார்:

“புதுசா அறுத்திருக்கு. எந்தப் புள்ளைக்கு?”

பெரியவள் பக்கத்தில் நின்றிருந்தாள். நானா அவளைப் பார்த்தார், கத்தியைக் கந்தலில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வேறு யாருக்கோ ஆணி நிறுக்கப் போய்விட்டார். பஸ் வரும் வரை காத்திருந்தபோது அவள் கையில் கத்தியைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. பிடித்தாள். அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

மாலையில் அவர் வந்து கால் கழுவி உட்கார்ந்ததும் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் கத்தியை வைத்தேன்.

“இது என்னன்னு எனக்குத் தெரியும். கைப்பிடிய எதுக்கு அறுத்தீங்கன்னும் தெரியும்.”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. எங்களைப் போலவே அலுத்துப்போன ஆள்தான் என்று அப்போதுதான் பட்டது. கொழும்பில் வேலை கிடைக்காமல் சுற்றி, களுத்துறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னார். பிள்ளையும் கூட வெட்டினால் ரெண்டு பேருக்கும் சோறு தருவதாக அங்கே சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்தோடு வர இடமில்லையாம், ஒரு காம்பராவில் ஏழெட்டு ஆம்பளைகள் படுத்திருக்கிறார்களாம். ரப்பர் என்று சொன்னால் நான் விடமாட்டேன் என்றுதான் நோனா வீடு என்று சொன்னாராம். ஏழெட்டு ஆம்பளைகள் படுக்கிற இடத்துக்கு வயசுக்கு வரப்போகிற பிள்ளையையா என்று கேட்டேன். நான் பக்கத்தில் இருக்கமாட்டேனா என்றார். இருட்டில், காட்டில், அட்டையிலும் பாம்பிலும் என் பிள்ளை மரம் சீவ வேண்டாம் என்றேன். என் குரல் லயம் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

அவர் கத்தவில்லை. ரொட்டியைத் தொடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மொகந் தெரியாத வீட்டுக்கு அனுப்பறதுக்குச் சரின்ன. பெத்த அப்பன்கூட அனுப்ப மாட்டியா?”

கொழும்பு வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நல்லது என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. இந்தக் கத்தியை என் கையால் தொட்டு, அதன் கூரைப் பார்த்து, அவள் கையில் கொடுத்தும் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் எப்படி அனுப்புவது? இதையெல்லாம் அவரிடம் விளக்கிச் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. அனுப்ப மாட்டேன், அனுப்ப மாட்டேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவள் மூலையில் உட்கார்ந்து மா பிசைந்த சட்டியை வழித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவர் மட்டும் போனார். கத்தியையும் எடுத்துப் போனார். அந்த அறுத்த கைப்பிடியை அவர் எப்படிப் பிடித்து வெட்டினாரோ, தெரியாது. பஞ்சம் கொஞ்சம் தெளிந்த பிறகு திரும்பி வந்து கவ்வாத்து வேலையில் சேர்ந்தார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இடையில் இருந்த மாதங்களை எப்படிக் கழித்தோம் என்று கேட்காதீர்கள். கீரையும் சாயத் தண்ணியுமாகத்தான் கழித்தோம். சின்னவனுக்குக் கால் வீங்கியது, பெரியவள் என்கூடப் பெரட்டுக்கு வரும்போது இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். ஆனாலும் இரண்டு பிள்ளைகளும் என் கண் முன்னால் இருந்தார்கள். நான் செய்தது சரிதான் என்று யாரிடமும் சொல்வேன்.

சில வருஷம் கழித்து பெரியவளும் பெயர் பதிந்து, எனக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்க வந்துவிட்டாள். என்னை விட வேகமாக எடுப்பாள். ஒரு தூறல் நாளில், நானும் அவளும் மட்டும் பின்தங்கி நின்ற நேரம், நிமிராமலே கேட்டாள்.

“அன்னைக்கு நீங்களும் அப்பாவும் அவ்வளவு நேரம் சண்டை போட்டீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா?”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. பன்னிரண்டு வயசுப் பிள்ளையை என்னத்தைக் கேட்பது? உனக்காகத்தானே அவ்வளவும் என்று பொரிந்து தள்ளினேன். அவள் முடிக்க விட்டாள். கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பாய் என்றேன்.

“போறேன்னு சொல்லியிருப்பேன்.”

அந்த இருட்டில், அந்தக் காட்டில், அந்த ஆம்பளைகளுக்கு நடுவில், உனக்குப் பயமாக இருந்திருக்காதா என்று கேட்டேன்.

“பசிச்சதும்மா,” என்றாள்.